இந்த வாரம் என்ன ஆல்பம்?

உங்களுக்கு மிகவும் பிடித்த பத்து ஆல்பங்களைச் சொல்லுங்கள் என்று ஓர் இசை ரசிகரிடம் கேட்டால், அவர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். இரண்டு மூன்று பெயர்கள் உள்ளபடியே மனத்திலிருந்து வரும். மற்றவை, தம்மைப் பற்றிப் பிறர் என்ன நினைக்க வேண்டும் என்று அவர் விரும்புகிறாரோ அந்த விருப்பத்திலிருந்து வரும். ஜாஸில் ஒன்று, மேற்கத்திய செவ்வியலில் ஒன்று, யாரும் அதிகம் கேள்விப்படாதது ஒன்று, எல்லோருக்கும் தெரிந்தது ஒன்று என்று பட்டியல் அழகாக அமைந்துவிடும். அதே மனிதரிடம் இந்த வாரம் என்ன ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வரும். பெரும்பாலும் கொஞ்சம் கூச்சத்தோடு வரும். சில சமயம் அது அவருடைய பத்துக்குள் என்றுமே இடம்பிடிக்காத ஓர் ஆல்பமாக இருக்கும். எனக்கு இந்த இரண்டாவது கேள்வியின் மீதுதான் பிரியம். ஏனெனில் அதற்குப் பதில் சொல்பவர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அந்த ஆல்பம் பிடித்திருக்கிறதா என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம், ஆனாலும் மறுபடி அதையே போட்டுக் கேட்கிறார்.

இப்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வழக்கம் என் நண்பர்கள் சிலருக்கும் எனக்கும் நெடுநாளாக உண்டு. அந்தப் பரிமாற்றத்தில் நான் கவனித்த ஒன்று: ஆல்பத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவரின் பரிந்துரை பெரும்பாலும் வீணாகிறது. 'அருமை', 'தவறவிடாதீர்கள்', 'உலகத் தரம்' போன்ற சொற்களும் எதையும் செய்வதில்லை. கேட்கத் தூண்டுவது எதுவென்றால், ஆல்பத்தின் எந்த இடத்தில் அவர் சிக்கிக்கொண்டிருக்கிறார் என்று அவர் சொல்லும் சிறு குறிப்புதான். அமெரிக்க ஜாஸ் கலைஞர் அலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' எனக்கு அப்படித்தான் வந்தது. அதைச் சொன்ன நண்பர் ஆன்மிகத்தைப் பற்றியோ ஜாஸ் வரலாற்றைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் பாட்டில் பாஸ் வாத்தியம் என்ன செய்கிறது என்று மட்டும் பார், வேறு எதையும் முதலில் கவனிக்காதே என்றார்.

கேட்டுப் பார்த்தேன். தம்பூராவின் சுருதி முதலில் விரிகிறது. கச்சேரி கேட்டுப் பழகிய காது உடனே தன் இடத்துக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். அதன் மேல் சிசில் மெக்பீயின் டபுள் பாஸ் ஒரு சிறிய சொற்கட்டைப் போல நான்கைந்து சுரங்களைப் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அதையே வாசிக்கிறது. பிறகு யாழைப் போன்ற நரம்பு வாத்தியமான அலிஸின் ஹார்ப் அலை அலையாக இறங்குகிறது. ஃபரோ சாண்டர்ஸின் சொப்ரானோ சாக்ஸபோன் அதற்குப் பிறகே வந்து சேர்கிறது. மேலே நடக்கும் அத்தனை சஞ்சாரத்துக்கும் அந்த பாஸ்தான் தரை. நண்பர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஹார்ப்பில் மயங்கி, அந்த ஆல்பத்தை இனிமையான பின்னணி இசை என்று ஒதுக்கியிருப்பேன். 1970 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தில் தம் வீட்டிலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அலிஸ் இதன் பெரும்பகுதியைப் பதிவு செய்தார். ஆல்பம் வெளிவந்தது 1971இல். கடைசிப் பாட்டு மட்டும் 1970 ஜூலையில் ஒரு நேரடி நிகழ்ச்சியில் பதிவானது. அதில் பாஸ் வாசிப்பவர் சார்லி ஹேடன், கூடவே ஊத் என்ற அரபு வாத்தியமும் ஒலிக்கிறது. பெயரில் இருக்கும் சச்சிதானந்தர், 1969இல் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடக்கிவைத்துப் பேசிய அதே சுவாமி. இந்த விவரங்களை எல்லாம் நான் பிறகுதான் தேடிப் படித்தேன். வழியைத் திறந்துவிட்டது அந்த ஒற்றைக் குறிப்பு.

ஆல்பம் என்ற வடிவம் இந்தப் பரிமாற்றத்துக்கு எப்படி உதவுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தனிப் பாட்டு ஒன்றைப் பரிந்துரைத்தால் நான்கு நிமிடத்தில் கேட்டு முடித்துவிடலாம். அதில் தொலைந்துபோகவும் முடியாது, எந்த இடத்தில் என்று குறித்துச் சொல்லவும் முடியாது. ஒரு கலைஞரின் பெயரை மட்டும் சொன்னாலோ எங்கே தொடங்குவது என்று தெரியாது. ஆல்பம் என்பது நாற்பது நிமிட அளவில், வரிசை மாறாத ஒரு பொதுவான நிலம். இந்த நாற்பது நிமிடம் யாரும் அழகியல் நோக்கில் யோசித்து வகுத்ததல்ல. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடமே கொள்ளும். நீண்ட படைப்பு ஒன்றைக் கேட்க வேண்டுமானால், பல தட்டுகளை உறைகளோடு சேர்த்துத் தைத்த தடித்த புத்தகம் போன்ற ஒன்றை வாங்கி, ஒவ்வொன்றாக மாற்றிப் போட வேண்டும். 1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியபோது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் சற்று அதிகமாக இடம் கிடைத்தது. இரண்டு பக்கம் சேர்த்தால் நாற்பதைத் தாண்டும். அதன் பிறகு வந்த இசைக் கலைஞர்கள் இந்த அளவுக்குள்தான் யோசித்தார்கள். முதல் பக்கம் எதில் முடிய வேண்டும், தட்டைத் திருப்பிப் போட்டபின் எது தொடங்க வேண்டும் என்பதெல்லாம் தனிக் கலையாகவே ஆனது.

அளவு பொருந்தாத இடங்களும் உண்டு, அவையும் சுவையானவை. கீத் ஜாரெட் 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஆப்பரா அரங்கில் தனியாக அமர்ந்து, முன்கூட்டி எழுதிவைத்துக்கொள்ளாமல் வாசித்த பியானோ இசை 'த கொலோன் கான்சர்ட்' என்ற இரட்டை எல்.பி.யாக வெளிவந்தது. முதற்பகுதி ஏறத்தாழ 26 நிமிடம். ஒரு பக்கத்தில் எப்படியோ அடங்கிவிட்டது. இரண்டாம் பகுதி அடங்கவில்லை. ஆகவே அதை இரண்டாக அறுத்து, இரண்டாம் பக்கத்திலும் மூன்றாம் பக்கத்திலும் வைத்தார்கள். இப்போது கணினியில் கேட்பவருக்கு எந்தப் பக்கமும் இல்லை, ஆனால் '2 ஏ', '2 பி' என்ற அந்தப் பெயர்கள் அப்படியே நிற்கின்றன. என் நண்பர் ஒருவர் நெடுங்காலம் '2 பி'யைத் தனிப் படைப்பாகவே கேட்டுப் பழகியவர். அவருக்கு அது எங்கோ நடுவில் தொடங்குகிறது என்ற உறுத்தலே கிடையாது. நான் சேர்த்தே கேட்டவன். அந்த வெட்டு விழும் இடத்தைப் பற்றி எங்கள் இருவருக்கும் வெவ்வேறு அனுபவம். அன்று இரவு அரங்கில் இருந்த பியானோ கேட்டபடி வந்தது அல்ல, சிறியது, மேல் சுரங்கள் மெலிந்தும் கீழ் சுரங்கள் வலுவின்றியும் ஒலித்தது என்பது பலருக்கும் தெரிந்த கதை. அதனால் ஜாரெட் நடு ஸ்தாயியிலேயே அதிகம் தங்கினார், இடது கையால் ஒரே கோர்வையைத் திரும்பத் திரும்ப அழுத்தி வாசித்தார். இந்தக் கதை ஆல்பத்தைவிடப் பிரபலமாகிவிட்டது என்பது என் சிறு குறை. கதை தெரிந்தவர்கள் அதை முன்வைத்தே கேட்கிறார்கள், சொல்லும்போதும் அதையே சொல்கிறார்கள்; அவர்கள் எந்த நிமிடத்தில் நின்றார்கள் என்பது தெரிவதில்லை.

நானும் நண்பரும் ஒரே ஆல்பத்தைக் கேட்கிறோம் என்று நம்பிக்கொண்டு இருவேறு ஒலிகளைக் கேட்பதும் நடக்கும். இதற்கு ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைவிடத் தெளிவான சான்று இல்லை. 1959 மார்ச் 2 அன்றும் ஏப்ரல் 22 அன்றும் நியூயார்க்கில் கொலம்பியாவின் 30ஆம் தெருக் கூடத்தில் அது பதிவானது. முதல் நாள் பதிவில் பயன்பட்ட நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை கொஞ்சம் வேகமாகவும், சுருதி சற்று உயர்ந்தும் கேட்கும். எல்.பி.யின் முதல் பக்கத்தில் இருக்கும் மூன்று பாட்டுகளும் அந்த முதல் நாளைச் சேர்ந்தவை. 1990களில் மறுவெளியீடு செய்தபோதுதான் இதைத் திருத்தினார்கள். அதாவது, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுவதும் அந்தத் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய மாணவர்கள் தங்கள் வாத்தியத்தின் சுருதி ஏன் ஒத்துவரவில்லை என்று குழம்பியிருப்பார்கள். பழைய தட்டையே கேட்டு வளர்ந்த ஒருவருக்குத் திருத்திய பதிப்பு சற்றுச் சோம்பலாகப் படும். புதிதாகக் கேட்பவருக்குப் பழையது பதற்றமாகப் படும். ஆகவே யாராவது ஒருவர் இந்த ஆல்பத்தின் தொடக்கத்தில் ஒரு துடிப்பு இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொன்னால், எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்வது விதண்டாவாதம் ஆகாது.

எப்படிக் கேட்கிறோம் என்பதும் பதிலில் சேரும். ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1975இல் 'டிஸ்க்ரீட் மியூசிக்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அதன் உறையில் அவர் எழுதிய குறிப்பு புகழ்பெற்றது. விபத்துக்குப் பிறகு படுக்கையில் இருந்தபோது ஒரு தோழி கொண்டுவந்து கொடுத்த ஹார்ப் இசைத்தட்டைப் போட்டுவிட்டுப் படுத்தார். ஒலி மிகவும் குறைவாக வைக்கப்பட்டிருந்தது, ஒரு பக்க ஒலிபெருக்கியும் வேலை செய்யவில்லை. எழுந்து சரிசெய்யத் தெம்பில்லாமல் அப்படியே கேட்டார். அறையின் வெளிச்சத்தையும் மழையோசையையும் போல இசையும் சூழலின் ஒரு பகுதியாகவே இருக்கலாம் என்பது அப்போதுதான் தமக்குப் புரிந்தது என்கிறார். தம் ஆல்பத்தையும் தணிந்த ஒலியில், அவ்வப்போது காதுக்கு எட்டாமல் போகும் அளவுக்குக்கூடக் குறைத்துவைத்துக் கேட்கச் சொல்கிறார். இதை ஹெட்ஃபோனில் சத்தமாகக் கேட்டுவிட்டு, ஒன்றுமே நடக்கவில்லை என்று குறைசொன்னவர்களை அறிவேன். அவர்கள் கேட்டதும் அரை மணி நேரம் நீளும் அந்தப் பக்கத்தைத்தான், ஆனால் வேறொன்றாகக் கேட்டிருக்கிறார்கள்.

வரிசையைக் கலைத்துக் கேட்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாகுக்கும் (Bach) சமர்ப்பிக்கப்பட்ட ஆல்பம் அது. அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலினைப் பற்றி மட்டுமே ஒரு தனி நூல் எழுதத் தகும். அங்கே 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒரு பாட்டு. பாகின் தனி வயலின் படைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றித் தம் இசையைப் பின்னுகிறார். அதை அடுத்து வரும் பாட்டின் பெயர் '...அண்ட் வி ஹேட் எ டாக்'. பெயரே முந்தைய பாட்டின் வாக்கியத்தை முடித்துவைக்கிறது; சந்தித்தோம், பிறகு பேசினோம். கலைத்துப் போட்டுக் கேட்பவருக்குப் பேச்சு முதலிலும் சந்திப்பு எப்போதோ பிறகும் வரும், அல்லது வராமலே போகும். 2021 நவம்பரில் அடேலின் புதிய ஆல்பம் வெளிவந்தபோது ஸ்பாட்டிஃபை நிறுவனம், ஆல்பப் பக்கத்தில் இருந்த முதன்மைப் பொத்தான் வரிசையைக் கலைத்து ஓட்டுவதை மாற்றி, வரிசைப்படி ஓடும்படி செய்தது. ஒரு பாடகி கேட்டுக்கொண்டதற்காக நடந்த மாற்றம் இது. கலைத்து ஓட்டுவதே இயல்பு என்று அதுவரை யாரோ முடிவு செய்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பு.

செயலிகளும் நமக்கு ஆல்பங்களைச் சொல்கின்றன, சில சமயம் நன்றாகவே சொல்கின்றன. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவற்றின் கணக்கு வேறு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முப்பது விநாடி ஓடினால் அது கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறும். நான் ஓர் ஆல்பத்தைப் பாதியில் நிறுத்தியதற்கு அது பிடிக்காமல் போனது காரணமாக இருக்கலாம். நாலாவது பாட்டு என்னைப் படுத்திய பாட்டில் மேலே கேட்க முடியாமல் போனதும் காரணமாக இருக்கலாம். இரண்டும் அங்கே ஒன்றுதான். நண்பரிடம் சொல்லும்போதோ நான்காவது பாட்டைத் தாண்ட முடியவில்லை என்பதே பரிந்துரையாகிவிடும். இன்னும் பிடிக்கவில்லை, ஆனாலும் விட முடியவில்லை என்று ஒருவர் சொல்லும் ஆல்பத்தை நான் தவறாமல் கேட்பேன். உடனே பிடித்துப்போனதைவிட அதில் ஏதோ இருக்கும் என்பது என் அனுபவம்.

புதியவற்றின் பின்னால் ஓடுகிறவர்களும் எங்களுக்குள் உண்டு. 2015 ஜூலை முதல் உலகின் பல நாடுகளில் புதிய ஆல்பங்கள் வெள்ளிக்கிழமையில் வெளியாகின்றன. வெள்ளி இரவு ஐந்து பெயர்களை அனுப்பிவிட்டு, அடுத்த வெள்ளிக்குள் அவற்றை மறந்துவிடும் நண்பரை நான் கேலி செய்வதுண்டு. அவரும் சளைக்காமல், நான் 1971ஐ விட்டு வெளியே வருவதில்லை என்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எப்போது வெளிவந்தது என்பதற்கும் எப்போது கேட்கப்பட்டது என்பதற்கும் தொடர்பே இல்லாமல் போன ஆல்பங்கள் ஏராளம். ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக் 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில் பதிவு செய்து 1972இல் வெளியிட்ட 'பிங்க் மூன்' மொத்தம் 28 நிமிடம். குரலும் கிட்டாரும், ஒரே ஒரு பாட்டில் சில நொடி பியானோவும், அவ்வளவே. அப்போது கிட்டத்தட்ட யாரும் வாங்கவில்லை. 1974இல் 26ஆம் வயதில் அவர் இறந்துபோனார். 1999இன் இறுதியில் ஒரு கார் விளம்பரத்தில் அதன் தலைப்புப் பாட்டு ஒலித்தபிறகு, அவர் உயிரோடு இருந்தவரை விற்றதைவிடப் பல மடங்கு விற்றது. ஆங்கிலப் பாடகி வாஷ்டி பன்யனின் முதல் ஆல்பமும் அப்படித்தான். 1970இல் வந்து கவனிக்கப்படாமல் போனது, அவர் இசையையே விட்டுவிட்டார். 2000இல் மறுவெளியீடு கண்டபோது இளம் தலைமுறை ஒன்று அவரைத் தேடி வந்தது. 2005இல், 35 ஆண்டுக்குப் பிறகு, இரண்டாவது ஆல்பம் வெளியிட்டார். இத்தகைய ஆல்பங்களை இடைப்பட்ட ஆண்டுகளில் உயிரோடு வைத்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் நாடாவில் பதிவு செய்து கைமாற்றிக்கொண்ட ரசிகர்கள்தாம். எனக்கு 'பிங்க் மூன்' வந்ததும் விளம்பரத்தால் அன்று, அதை அந்த மாதம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரால்.

பதில் சொல்பவருக்கு எப்படி எதிர்வினை செய்வது என்பதில் எனக்கு ஒரே விதிதான். ஓ, அது எனக்குத் தெரியுமே என்று சொல்லாமல் இருப்பது. தெரிந்திருந்தாலும் மறுபடி போட்டுக் கேட்டுவிட்டு, சில நாள் கழித்துப் பேசினால் போதும். இந்தத் தாமதத்தை எங்களில் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது எங்களுக்குள் ஓடுவது க்ளென் கூல்ட் பியானோவில் வாசித்த பாகின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்', அதாவது ஆரியா என்ற ஒரு மெட்டும் அதன் மாறுபாடுகளும். 1955இல் 22 வயதில் ஒரு முறை, 1981இல் மறைவுக்கு முந்தைய ஆண்டில் மறுமுறை என அவர் அதை ஆல்பமாகப் பதிவு செய்தது இரண்டு முறை. இரண்டும் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பிறந்த அதே 30ஆம் தெருக் கூடத்தில். முதலாவது 38 நிமிடம், இரண்டாவது 51. சில மாறுபாடுகளில் முதற்பாதியைத் திருப்பி வாசித்ததும் அந்த நீளத்தில் ஒரு பங்கு. தொடக்க ஆரியா 1955இல் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. 1981இல் மூன்றைத் தாண்டும். வாசித்தபடியே அவர் முனகுவதும் இரண்டாவதில் நன்றாகக் கேட்கும். என் நண்பருக்கு அந்த முனகல் ஓர் உயிர், எனக்கு இடைஞ்சல். அவர் 1981க்காரர், நான் 1955க்காரன் என்று நெடுநாள் வாதாடிவிட்டு, இந்த வாரம் பதிவுகளை மாற்றிக்கொண்டிருக்கிறோம். நேற்று அவரிடமிருந்து வந்த தகவல்: 25ஆம் மாறுபாட்டுக்கு வந்துவிட்டாராம். இளமையின் வேகம் என்று எல்லோரும் சொல்லும் அந்த முதற்பதிவில் இந்த ஒரு மாறுபாடு மட்டும் ஆறரை நிமிடத்தை ஒட்டி நீள்கிறது, முதுமையின் நிதானம் என்று சொல்லப்படும் பதிவில் அது ஆறே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார். நான் இன்னும் 1981இன் பதினைந்தாவதில்தான் இருக்கிறேன்.